நடுவரை நியமிப்பது யார்?

(கோலா தெர்லாவில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

கூலியைப் பற்றிப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். வீட்டைப் பற்றிப் பேசினாலும் கிடைக்கும். இன்று நாம் பேச வந்திருப்பது அவ்விரண்டையும் பற்றியன்று. தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு ஏற்பட்டு, அது பேசித் தீராமல் மூன்றாமவர் ஒருவரிடம் போகிறபொழுது, அந்த மூன்றாமவரை நியமிப்பது யார் என்பதே நமது பொருள். கேட்பதற்கு வறட்சியான விஷயந்தான். ஆனால் கூலியும் வீடும் வேலையும் பல சமயங்களில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து தொங்குகின்றன. அதை எடுத்துக்காட்டவே இங்கே நிற்கிறோம்.

இதை இப்பொழுது பேசுவதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த மலைப்பகுதியில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அறிந்தவர் அறிவர். மழைக்காலத்தில் கொழுந்து நனைந்து வருகிறது. நிறுவைக் கொட்டகையில் நீருக்கென்று கூடைக்கு இவ்வளவு என எடையைக் கழிக்கிறார்கள். நனைந்த கொழுந்தில் நீரின் எடை இருக்கிறதென்பதை நாம் மறுக்கவில்லை. எவ்வளவு நீர் என்பதுதான் தகராறு. வெயில் அடித்த நாளிலும் அதே கழிவு விழுகிறதென்று தாய்மார்கள் முறையிடுகிறார்கள். கழிவு குறைவென்று நிர்வாகம் சொல்கிறது. பலமுறை பேசியும் முடிவில்லை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மரியாதைக்குரிய பெரியவர் ஒருவரை நிர்வாகமே நடுவராக நியமிக்கும். அவர் சொல்வதை இரு தரப்பும் ஏற்கவேண்டும். சம்மதமானால் சங்கம் கீழே கையெழுத்திட வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

இதன்மேல் நமக்குள்ளே இரண்டு கட்சி. "பெரியவர் நல்லவர்தானே, கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்கிறார்கள் சிலர். "நடுவரும் வேண்டாம், கிடுவரும் வேண்டாம், கூடையைக் கீழே வைத்துவிடலாம்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் சரியன்று என்பதே நமது கருத்து. நடுவர் வேண்டும். ஆனால் ஒரு கை மட்டும் நியமிக்கும் நடுவர் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் விளக்கிச் சொல்வதே இன்றைய பேச்சு.

தராசும் தராசு பிடிக்கும் கையும்

தோழர்களே, பால் நிறுக்கும் ஸ்டோரிலும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலும் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? தராசின் முள் சுழியில் நிற்கிறதா என்று பார்க்கிறோம். கூடையை ஏற்றிய பின் முள்ளைப் பார்த்துப் பயனில்லை. நடுவர் விஷயமும் அப்படித்தான். தீர்ப்பு வந்த பின் "அநியாயம்" என்று கூவுவதைவிட, தீர்ப்புச் சொல்பவர் எப்படி வந்தார் என்று முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

பூனைகள் இரண்டு அப்பத்துக்குச் சண்டையிட்டுக் குரங்கிடம் போன கதையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். குரங்கு, தட்டு சமமாகவில்லை என்று சொல்லிச் சொல்லி இரு பக்கமும் கடித்துத் தின்றது. அதிலே குரங்கின் கெட்ட குணத்தை மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு பாடமும் அதில் இருக்கிறது. குரங்குக்கு எவ்வளவு கூலி, எந்த முறையில் பங்கு, முறை தவறினால் யாரிடம் போவது என்று அந்தப் பூனைகள் எதையும் முன்னதாகப் பேசிவைக்கவில்லை. பேசாமல் போனதனால் பட்டினி கிடந்தன.

அந்தப் பெரியவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய குணத்தைப் பற்றி இங்கு ஒரு சொல்லும் சொல்லமாட்டோம். ஆனால் வேலிக்கு ஓணான் சாட்சி என்று பழமொழி இருக்கிறதல்லவா? ஓணான் பொய் சொல்லிற்று என்பது அதன் பொருளன்று. வேலியிலே குடியிருக்கிற ஓணானை வேலிக்குச் சாட்சியாக வைக்கலாகாது என்பதே பொருள். அவர் உண்மையே சொன்னாலும் நம்புவோர் இருக்கமாட்டார். நம்பிக்கையில்லாத தீர்ப்பினால் தகராறு தீராது. மறு மழையில் மறுபடி முளைக்கும். அதனால் நிர்வாகத்துக்குந்தான் நஷ்டம்.

ஆகவே, எந்த நடுவர் முறையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். ஒன்று, நடுவரைத் தேர்ந்தெடுப்பதில் இரு தரப்புக்கும் சமமான கை இருக்கிறதா? இரண்டு, ஒரு தரப்பு வேண்டுமென்றே இழுத்தடித்தால், அல்லது இருவருக்கும் ஒத்துவராமற் போனால், நியமிக்கும் மூன்றாவது கை எது? மூன்று, வந்த நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று தெரிந்தால் மறுப்பதற்கு வழி உண்டா? இந்த மூன்று அளவுகோல்களை எடுத்துக்கொண்டு உலகம் என்ன செய்திருக்கிறதென்று பார்ப்போம்.

அகமதாபாத்தில் நடந்தது

முதலில் 1918-ஆம் ஆண்டுக்குப் போவோம். இந்தியாவில், குஜராத்திலுள்ள அகமதாபாத் நகரத்துப் பஞ்சாலைகளில் பிளேக் நோய்க் காலத்தில் தொழிலாளரைப் பிடித்து வைப்பதற்காகக் கொடுத்துவந்த போனசை முதலாளிகள் நிறுத்தினார்கள். விலைவாசியோ ஏறிக்கிடந்தது. தொழிலாளர் 50 சதவிகித உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவிகிதம் என்றார்கள். காந்தியடிகள் கணக்குகளை ஆராய்ந்து 35 சதவிகிதமே நியாயமென்று முடிவு செய்தார்.

அதற்கு முன்னதாகவே ஒரு நடுவர் குழு அமைந்திருந்தது. தொழிலாளர் பக்கம் மூவர், முதலாளிகள் பக்கம் மூவர், நடுவே தலைவராக மாவட்டக் கலெக்டர். தொழிலாளர் பக்கத்து மூவரில் காந்தியடிகளும் வல்லபாய் பட்டேலும் சங்கர்லால் பாங்கரும் இருந்தார்கள். நமது முதற் கேள்விக்கு இது சரியான விடை: இரு பக்கமும் சமமான கை. ஆனால் குழு தன் வேலையைச் செய்வதற்குள் சில ஆலைகளில் தொழிலாளர் முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்திவிட்டார்கள். அதைக் காரணங்காட்டி முதலாளிகள் குழுவிலிருந்து விலகி, 1918 பிப்ரவரி 22-இல் ஆலைக் கதவுகளைப் பூட்டினார்கள். கூடையைக் கீழே வைத்துவிடலாம் என்று சொல்கிற நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நடுவரை ஒப்புக்கொண்ட பிறகு நாம் அவசரப்பட்டால், தப்பிப்போக நினைப்பவனுக்கு நாமே வாசலைத் திறந்துவிடுகிறோம்.

பிறகு வேலைநிறுத்தம், காந்தியடிகளின் உண்ணாவிரதம், மார்ச்சு 18-இல் சமரசம். அந்தச் சமரசத்தின் அமைப்பைப் பாருங்கள். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே நடுவர், பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா. முதல் நாளுக்கு, தொழிலாளரின் உறுதிமொழிப்படி 35 சதவிகிதம். இரண்டாம் நாளுக்கு, முதலாளிகள் சொன்னபடி 20. மூன்றாம் நாள் முதல் நடுவரின் தீர்ப்பு வரும்வரை இரண்டுக்கும் நடுவாக 27½. ஆகஸ்டு மாதத்தில் துருவா 35 சதவிகிதமே நியாயமென்று தீர்ப்பளித்தார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது இரண்டு. நடுவரின் பெயர் இரு வாயிலிருந்தும் வந்தது. தீர்ப்பு வரும்வரை என்ன நடக்கும் என்பதும் முன்னதாகவே எழுதப்பட்டது. இந்த இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். பின்னால் நமக்கு அது வேண்டும்.

நம் நாட்டுத் தொழில் நீதிமன்றம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவில் 1948-ஆம் ஆண்டிலேயே தொழில் நீதிமன்றச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால்தான் வழக்கு அங்கே போகும். ஒருவர் தலையசைக்காவிட்டால் கதவு திறக்காது. 1965-இல் அவசர விதிகளின் கீழ் இன்றியமையாச் சேவைகளில் கட்டாய நடுவர் தீர்ப்பு முறை வந்தது. அதன்பின் 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் வந்து, இன்றுள்ள தொழில் நீதிமன்றத்தை நிலையாக நிறுவியது.

அந்த நீதிமன்றத்தில் உட்காருபவர் யார்? தலைவரையும், பிரிவுகளுக்குரிய அவைத்தலைவர்களையும் மாட்சிமை தங்கிய பேரரசர் நியமிக்கிறார். அவர்கள் சட்டத் துறையில் அனுபவமுள்ளவர்களாக இருக்கவேண்டும். அதல்லாமல் இரண்டு பெயர்ப் பட்டியல்கள் உண்டு. ஒன்று முதலாளிகளின் பிரதிநிதிகள் பட்டியல். மற்றொன்று தொழிலாளரின் பிரதிநிதிகள் பட்டியல். அந்தந்தத் தரப்பு அமைப்புகளைக் கலந்து மனிதவள அமைச்சர் இவற்றை நிரப்புகிறார். ஒரு தொழிற்றகராறு வந்தால், நடுவில் சட்டம் அறிந்தவர், ஒரு பக்கம் முதலாளிப் பட்டியலிலிருந்து ஒருவர், மறு பக்கம் நம் பட்டியலிலிருந்து ஒருவர் என மூவர் அமர்கிறார்கள். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை. பெரும்பான்மையும் அமையாவிட்டால் நடுவிலிருப்பவரின் முடிவு. வேலைநீக்க வழக்குகளில் மட்டும் அவைத்தலைவர் தனியாகவே அமர்ந்து விசாரிப்பது வழக்கம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். கொழுந்துத் தகராறுக்கென்று நம் சங்கம் ஒருவரை அனுப்பி நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. பட்டியல் முன்னமே இருக்கிறது. அதிலிருந்து எடுப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆகையால் நமக்குள்ள கை தகராறு வருகிற நாளில் நீளுவதில்லை. பட்டியல் நிரம்புகிற நாளில் நீளுகிறது. தொழிற்சங்க மத்திய அமைப்பில் நம் தோட்டத் தொழிலாளரின் குரல் வலுவாக இருந்தால்தான், பால்மரமும் தேயிலைச் செடியும் இன்னதென்று அறிந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். சந்தா கட்டுவதும் சங்கக் கூட்டத்துக்கு வருவதும் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

கதவைத் திறப்பது யார் என்பதும் நியமனத்தைப் போலவே முக்கியம். கூலி, வேலை நிபந்தனை போன்ற தகராறுகளில் எந்தத் தரப்பும் தொழிலுறவுத் துறையின் தலைமை இயக்குநரிடம் அறிவிக்கலாம். அவர் சமரசம் செய்து பார்ப்பார். முடியாவிட்டால், இரு தரப்பும் சேர்ந்து கேட்டாலும் அமைச்சர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தாமாகவே அனுப்புவதற்கும் சட்டம் அவருக்கு அதிகாரம் அளிக்கிறது. வேலைநீக்கம் என்றால் வேலை போன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் முறையீடு கொடுக்கவேண்டும். முன்பெல்லாம் அது அமைச்சரின் மேசைக்குப் போய், அனுப்புவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். 2021 சனவரி 1 முதல் தலைமை இயக்குநரே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி சட்டம் திருத்தப்பட்டது. ஒரு வாசல் குறைந்தது, தொழிலாளிக்கு நல்லதே. ஆனால் 60 நாள் என்பது 60 நாள்தான். கோயில் திருவிழா முடியட்டும் என்று காத்திருந்தால் உரிமை போய்விடும்.

இந்த நீதிமன்றம் சட்டத்தின் நுணுக்கங்களில் சிக்கிக்கொள்ளாமல், நியாயத்தையும் மனச்சாட்சியையும் வழக்கின் உண்மையான தகுதியையும் பார்த்துத் தீர்ப்பளிக்கவேண்டுமென்று சட்டமே கூறுகிறது. சங்கத்தின் அதிகாரி அங்கே எழுந்து நின்று வாதாடலாம். நீதிபதிக்கு நாம் கட்டணம் கட்டவேண்டியதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: தகராறு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பின் அதற்காக வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறோம். ஆயுதமில்லாமல் போகிற இடத்தில், உள்ளே அமர்ந்திருப்பவர் எப்படி வந்தார் என்ற கேள்விக்கு இரட்டிப்புக் கனம் வருகிறது.

கோலாலம்பூரிலுள்ள நடுவர் நிலையம்

வியாபாரிகளுக்குள்ளும் தகராறு வருகிறது. கட்டடக் குத்தகைக்காரருக்கும் கட்டச் சொன்னவருக்கும், சரக்கு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வருகிறது. கோடிக்கணக்கான வெள்ளி சம்பந்தப்பட்ட அவர்கள் நடுவரை எப்படி நியமிக்கிறார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயனுள்ளது. முதலாளியும் முதலாளியும் மோதுகிறபொழுது, "நான் நியமிக்கிறேன், நீ கையெழுத்துப் போடு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஏற்பாரா என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா?

ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் சட்ட ஆலோசனைக் குழுவின் ஏற்பாட்டில் 1978-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் வட்டார நடுவர் நிலையம் ஒன்று தோன்றியது. 2018-இல் அதன் பெயர் ஆசிய அனைத்துலக நடுவர் நிலையம் என்று மாறியது. இந்நாட்டில் 2005-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டம், இரு தரப்பும் ஒத்துவராதபொழுது நடுவரை நியமிக்கும் பொறுப்பை அந்நிலையத்தின் இயக்குநரிடம் கொடுத்தது. 2024-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், நிலையத்துக்குள் ஒரு நடுவர் மன்றத்தை அமைத்து, அதன் தலைவரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்க வகை செய்தது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வகுத்த முறை இதுதான். முதலில் தரப்பினர் தமக்குள் எந்த முறையில் வேண்டுமானாலும் நடுவரைத் தேர்ந்தெடுக்கலாம். மூவர் வேண்டுமென்றால், ஒவ்வொரு தரப்பும் ஒருவரை நியமிக்கும். அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தலைவராக நியமிப்பார்கள். ஒரு தரப்பு, கேட்டு 30 நாட்களாகியும் தன் ஆளை நியமிக்காவிட்டால் மற்றத் தரப்பு நிலையத்துக்கு விண்ணப்பிக்கலாம். இருவரும் 30 நாட்களுக்குள் மூன்றாமவரைப் பற்றி ஒத்துவராவிட்டாலும் அப்படியே. ஒருவரே போதுமென்று வைத்துக்கொண்டு அந்த ஒருவரைப் பற்றி ஒத்துவராவிட்டாலும் அப்படியே. நிலையமும் 30 நாட்களுக்குள் செய்யத் தவறினால் உயர்நீதிமன்றம் நியமிக்கும். எங்கேயும் முட்டுச்சந்து இல்லை. "நான் யாரையும் ஒப்புக்கொள்ளமாட்டேன்" என்று ஒருவர் முரண்டு பிடித்தால் காரியம் நின்றுவிடும் என்பதில்லை. முரண்டு பிடித்தவர் தன் கையை இழப்பார், காரியம் நடக்கும்.

நியமிக்கும் நிலையமும் தன் இஷ்டப்படி நியமிக்கலாகாது. ஒப்பந்தத்தில் நடுவருக்கு இன்ன தகுதி வேண்டுமென்று எழுதியிருந்தால் அதைப் பார்க்கவேண்டும். யாருக்கும் கட்டுப்படாத, பாரபட்சமற்ற ஒருவர் கிடைக்கும்படி பார்க்கவேண்டும். வெவ்வேறு நாட்டவர் தகராறானால், இரு நாட்டையும் சேராத ஒருவரை நியமிப்பது நலமா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நடுவராக வருபவர் தம் பக்கத்து விஷயங்களை முன்கூட்டியே வெளிப்படுத்தவேண்டும். ஒரு தரப்பாரின் உறவினரா, முன்பு அவர்களிடம் சம்பளம் வாங்கியவரா, அக்கம்பெனியில் பங்கு வைத்திருப்பவரா என்பன போன்ற, நியாயமான ஐயத்தை எழுப்பக்கூடியவற்றை அவரே வாய்திறந்து சொல்லவேண்டும். சொன்னதிலோ சொல்லாமல் விட்டதிலோ ஐயமிருந்தால், தெரிந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் காரணங்களை எழுதி மறுக்கலாம். அந்த மறுப்புத் தள்ளப்பட்டால் உயர்நீதிமன்றம் போகலாம். இன்னொன்று: நாம் நியமித்த நடுவராக இருந்தாலும் அவர் நம் வக்கீல் அல்லர். நம் பக்கம் பேசுவதற்கு அவர் அங்கே போகவில்லை. உட்கார்ந்த பின் அவர் இரு பக்கத்துக்கும் பொதுவானவர்.

ஐக்கிய நாடுகளின் வாணிபச் சட்ட ஆணையம் 1976-இல் வெளியிட்டு 2010-இல் திருத்திய நடுவர் விதிகளில் வேறொரு எளிய முறையும் உண்டு. நியமிக்கும் அமைப்பு, குறைந்தது மூன்று பெயர்கள் கொண்ட ஒரே பட்டியலை இரு தரப்புக்கும் அனுப்பும். ஒவ்வொருவரும் 15 நாட்களுக்குள், வேண்டாத பெயரை அடித்துவிட்டு, மீந்ததை விருப்பப்படி ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தித் திருப்பியனுப்பவேண்டும். இரண்டு தாளிலும் அடிபடாத பெயர்களிலிருந்து, அந்த வரிசைகளைப் பார்த்து நடுவர் நியமிக்கப்படுவார். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தோட்டக் கமிட்டியும் இதைச் செய்யலாம். பென்சில் ஒன்று போதும்.

கடிதத்துக்கு நமது பதில்

இப்பொழுது அந்தக் கடிதத்தை எடுத்து இந்த மூன்று அளவுகோல்களால் அளந்து பாருங்கள். சமமான கை உண்டா? இல்லை, ஒரே கை. ஒத்துவராவிட்டால் மூன்றாவது கை உண்டா? இல்லை, ஒத்துவருவதா என்ற கேள்வியையே நம்மிடம் கேட்கவில்லை. மறுக்க வழி உண்டா? அதுவும் இல்லை. கோடி வெள்ளி வியாபாரிகள் தங்களுக்குள் ஒப்பாத ஒன்றைக் கூடை சுமக்கிற தாய்மார்கள் ஏன் ஒப்பவேண்டும்?

ஆயினும் "முடியாது" என்ற ஒரே சொல்லோடு பதிலை முடித்துவிடலாகாது. நிர்வாகமே நடுவர் என்ற சொல்லை எழுதிவிட்டது. அந்தச் சொல்லை நாம் பிடித்துக்கொள்ளவேண்டும். நமது பதிலில் ஐந்து விஷயங்கள் இருக்கவேண்டுமென்று கமிட்டிக்கு யோசனை கூறுகிறோம்.

முதலாவது, நடுவர் ஏற்பாட்டைச் சங்கம் வரவேற்கிறது. ஆனால் நியமனம் இரு தரப்பும் சேர்ந்து செய்வதாக இருக்கவேண்டும். நிர்வாகம் மூன்று பெயர் தரட்டும். நாமும் மூன்று பெயர் தருகிறோம். ஆறு பெயரும் ஒரே தாளில் வரட்டும். இரு பக்கமும் அடித்து வரிசைப்படுத்தட்டும். நிர்வாகம் சொன்ன பெரியவர் பெயரும் அந்தத் தாளில் இருக்கலாம். அவர் நிலைத்தால் நமக்கு ஆட்சேபமில்லை.

இரண்டாவது, 30 நாட்களுக்குள் ஒரு பெயரும் நிலைக்காவிட்டால், தகராறைத் தொழிலுறவுத் துறைக்கு அறிவிப்போம் என்று வெளிப்படையாக எழுதிவிடவேண்டும். இது மிரட்டல் அன்று. சட்டம் காட்டும் மூன்றாவது கை. நடுவரிடம் போக ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்திடும்பொழுது, இந்தச் சட்டவழியை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரியும் நுழைந்துவிடாமல் பார்க்கவேண்டும். கையெழுத்திடுமுன் தாளைச் சங்கத் தலைமையகத்துக்குக் காட்டவேண்டும்.

மூன்றாவது, நடுவராக வருபவர் எந்தத் தோட்டக் கம்பெனியோடும், எந்தச் சங்கத்தோடும் தமக்குள்ள தொடர்பை எழுதித் தரவேண்டும். நாம் சொல்லும் மூவருக்கும் இது பொருந்தும். நம் மாமன் மச்சானை அனுப்பிவிட்டு நிர்வாகத்தின் மாமனை மறுப்பது முறையன்று. வள்ளுவர் நடுவு நிலைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து வைத்தது எதிரிக்கு மட்டுமன்று, நமக்கும் சேர்த்துத்தான்.

நான்காவது, நடுவர் எதைத் தீர்க்கவேண்டும் என்ற கேள்வியை இரு தரப்பும் சேர்ந்து எழுதவேண்டும். "கழிவு நியாயமா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதிலும் மொட்டையாக வரும். மழை நாளில் எவ்வளவு, பனி நாளில் எவ்வளவு, வெயில் நாளில் உண்டா இல்லையா, அளந்து பார்ப்பது எப்படி, அளக்கும்பொழுது தொழிலாளர் பக்கம் நிற்பவர் யார் என்று தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

ஐந்தாவது, அகமதாபாத்தில் கற்றது. தீர்ப்பு வரும்வரை என்ன நடக்கும்? கொழுந்தின் முழு எடையும், கழித்த எடையும் இரண்டு தனிக் கட்டங்களில் எழுதப்படவேண்டும். கழித்ததற்குரிய கூலி தகராறுக் கணக்காக நிற்கட்டும். தீர்ப்பு நம் பக்கமானால் அந்தக் கணக்கின்படி பாக்கி வந்து சேரட்டும். இதைச் செய்யவேண்டியவர்கள் கிராணி நண்பர்கள். பேனா நம் கையில் இருக்கிறது. எழுதாத எடைக்கு எந்த நடுவராலும் கூலி வாங்கித் தரமுடியாது.

தாய்மார்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாளும் கூடைக் கணக்கைச் சொந்தமாகக் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதித் தரட்டும். தேதி, கூடை, நிறுவை, கழிவு, அன்று மழையா வெயிலா: இந்த ஐந்தும் போதும். நம்மோடு கூடை சுமக்கும் வங்காளதேசத்துத் தோழரையும் நேப்பாளத்துத் தோழரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தராசு அவர்களுடைய கூடையையும் அதே முள்ளால்தான் நிறுக்கிறது.

ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த தோழர்கள் இது தேயிலைக் காட்டு விஷயமென்று எண்ணவேண்டாம். பால் ஸ்டோரில் ரப்பர்ச் சத்து எத்தனை சதவிகிதம் என்று அளக்கும்பொழுதும் இதே தகராறு வரும். வேலைநீக்கத்துக்கு முன் தோட்டத்திலே விசாரணை வைக்கும்பொழுதும், குற்றஞ்சாட்டியவரே விசாரிப்பவராக உட்காருகிறாரா என்ற இதே கேள்வி வரும். அப்பொழுதெல்லாம் முதலில் தீர்ப்பைக் கேட்காதீர்கள். "ஐயா, தங்களை நியமித்தது யார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும், அன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள்.

கமிட்டியின் பதில் அடுத்த வாரம் போகவேண்டும். இப்பொழுது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஆட்சேபம் இருந்தாலும் இந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். கடிதம் போன பின் லயத்துத் திண்ணையில் பேசிப் பயனில்லை.